ஈஸ்வரன் வீட்டுப் பகல் தூக்கம்

கப்பலில் இருந்து இறங்கியவர்களுக்குச் சில நாள் தரை ஆடும். ரூபாவுக்கும் ஆடியது. அந்தமானில், டாலிகஞ்ச் மேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கி, ஒரு கையில் சூட்கேசும் மறு கையில் பரமக்குடியில் அம்மா கட்டிக் கொடுத்த முறுக்குத் தூக்கும் சுமந்து அவள் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, எதிர்க்கடைச் சின்னம்மா, "புதுப்பொண்ணு தண்ணி போட்ட மாதிரில்ல வருது!" என்றாள். ரூபா வாசற்படியைத் தொடும் முன்பே அந்தச் சேதி தெருக்கோடியைத் தொட்டுவிட்டது. டாலிகஞ்சில் மழை பெய்தால் நெட்வொர்க் போகும், கரண்டு போகும். சின்னம்மாவின் வாய் மட்டும் எந்தப் புயலிலும் அறுந்ததில்லை.

புதுப்பொண்ணு என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். ரூபாவுக்கு முப்பத்தைந்து. ஊரில் வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப் போக, கடைசியில் இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தவன் ஈஸ்வரன். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான், கைநிறையச் சம்பளம், மூத்தாள் சுதா காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளைகுட்டி இல்லை. இதற்கு மேல் ஒரு பெண்ணைப் பெற்றவர்களுக்கு என்ன வேண்டும்? கடல் தாண்டிக் கொடுக்கிறோமே என்று அம்மா மட்டும் கொஞ்சம் மூக்கைச் சிந்தினாள். அதுவும் கப்பல் சங்கு ஊதும் வரைதான்.

மரச் சுவர், தகரக் கூரை, மழைக்காலத்துப் பூஞ்சை வாசம். வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது உள்ளறையில் கிடந்த கட்டில் ஒன்றுதான். பதாக் மரம். நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத கனம், காய்ந்த ரத்தம்போல ஒரு சிவப்பு. அந்தமானில் வீட்டில் பதாக் கட்டில் இருந்தால் மாப்பிள்ளையின் மற்றக் குறைகள் அவ்வளவாகக் கண்ணில் படாது.

வந்த புதிதில் ஈஸ்வரன் தேனாகத்தான் இருந்தான். டியூட்டி முடிந்து விடியற்காலையில் வருவான், குளிப்பான், அவள் சுடும் தோசையை நின்றபடியே தின்பான், உடனே டூரிஸ்ட் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ராத்திரி கிரேன், பகலில் வேன். இந்த மனுஷன் எப்போதுதான் தூங்குகிறான் என்று ரூபா யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு நாள் அவனே ஒரு கறுப்புப் பெல்ட்டைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தான். இரண்டு விரல் அகலம், நடுவில் பெரிய சட்டைப் பொத்தான் போல ஒரு கருவி.

"என்னங்க இது?"

"மெயின்லேண்ட்ல இருந்து ஒரு கூட்டம் வந்து, நைட் டியூட்டி பாக்குறவங்க நெஞ்ச ஆராய்ச்சி பண்ணுது. தூங்கும்போது இதக் கட்டிக்கணும். எப்படித் துடிக்குதுன்னு பாத்து மூளை எப்படியிருக்குன்னு சொல்லுவாங்களாம்."

"நெஞ்சுல கட்டிட்டு மூளையவா பாப்பாங்க?"

"படிச்சவங்க அப்படித்தான். தலையச் சுத்தி மூக்கத் தொடுவாங்க." அவன் சிரித்தான். "ரூபா, நான் எங்க தூங்குறேன்? இதக் கட்டுனா இவன் தூங்குறதே இல்லன்னு காட்டிக் குடுத்துரும். கிரேன்ல இருந்து எறக்கி, கீழ கயிறு மாட்டுற வேலைக்குப் போட்டுருவான். நீ படுத்தா அடிச்சாப்புல தூங்குறவ. எனக்காக மத்தியானம் செத்த நேரம் கட்டிட்டுப் படேன்."

"மத்தியானத்துலயா? ராத்திரி கட்டிக்கிறேனே."

"ராத்திரி நான் கிரேன் மேலல்ல இருக்கேன்? அந்நேரத்துல நீ தூங்குனா, இவன் டியூட்டில தூங்குறான்னு சொல்லி வேலையவே பந்த் பண்ணிருவாங்க."

நியாயமாகத்தான் பட்டது. கட்டிக்கொண்டு வந்தவன் முதன்முதலாக வாய்விட்டுக் கேட்கும் உதவி. அவனே தண்ணீர் தொட்டு பெல்ட்டின் உட்புறத்தை ஈரமாக்கி, ஈரம் இருந்தால்தான் துடிப்பு பிடிக்கும் என்று சொல்லி, அவள் மார்புக்குக் கீழே சுற்றி, முதுகில் கொக்கியை ஒரே சொடுக்கில் மாட்டினான். விரல்களில் அத்தனை பக்குவம். ரூபாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அன்பு என்று நினைத்துக்கொண்டாள். இந்தக் கைப்பழக்கம் எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து ஈஸ்வரன் வீட்டு ஜன்னல்கள் உச்சி வெயிலில் சாத்திக்கொண்டன. வெளிச்சம் வராமல் இருக்கக் கறுப்புத் துணி வேறு. தெரு சும்மா இருக்குமா? "புருஷன் நாயா அலையுறான், மகராணி நடுப்பகல்ல படுத்துக் கெடக்கா" என்று ஒரு கட்சி. "மாசமா இருப்பா" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் சின்னம்மாவே தலைவி.

உள்ளே ரூபா கண்ணை மூடிக் கிடந்தாள். பகலில் உண்டாக்கிய இருட்டுக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரி இருட்டில் ஊரும் சேர்ந்து அடங்கியிருக்கும். இங்கே சுவருக்கு அந்தப்பக்கம் ஆட்டோ போகிறது, கோழி கொக்கரிக்கிறது, யாரோ பெங்காலியில் மீன் விலை கேட்கிறார்கள். அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் இந்த ஓர் அறை மட்டும் கிணறாகக் கிடக்கிறது.

முதல் நாள் கேஸ் வாசம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது, சிலிண்டரும் மூடியிருந்தது. திரும்பிப் படுத்தாள்.

அப்போதுதான் கட்டில் துடிப்பது தெரிந்தது.

மெத்தைக்கு அடியில், மரத்துக்குள்ளே. டப். டப். டப். கப்பல் இன்ஜின் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். ஆனால் சில நாளில் தரை ஆடுவது நின்றது. சூட்கேசில் ஒட்டியிருந்த கப்பல் வாசமும் போனது. கட்டிலின் துடிப்பு போகவில்லை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டராக இருக்கும் என்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு சௌல்தாரி கிராமத்துக்கு வயல் அறுப்புக்குப் போயிருந்தார்கள்.

ஒரு நாள் தலையணையை நகர்த்திவிட்டு, பதாக் பலகையில் காதை வைத்தாள்.

டப். டப். டப். அவசரமில்லாமல், ஓய்வில்லாமல், மயிரிழை பிசகாமல்.

அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். ஓடியது, தடுக்கியது, துள்ளியது. பயந்த நெஞ்சு எப்படி ஓடுமோ அப்படி.

மரத்தில் இருந்தது ஓடவில்லை.

அது அவளுக்காகக் கொஞ்சமும் வேகத்தைக் கூட்டவில்லை.

மெத்தையின் மறுபக்கம், சுவரை ஒட்டிய பக்கம், மெதுவாகத் தாழ்ந்தது. யாரோ பக்கத்தில் இருப்பவரை எழுப்பிவிடக் கூடாதே என்று பதமாகப் படுப்பதுபோல.

ரூபா பெல்ட்டோடு வெளியே ஓடிவந்து சின்னம்மாவின் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். சின்னம்மா ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தாள். அக்கறை பாதி, என்ன விஷயம் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு மீதி.

"அக்கா, சுதா அக்காவுக்கு என்ன காய்ச்சல் வந்துச்சு?"

தராசில் வைத்த வெங்காயத்தைச் சின்னம்மா அப்படியே இறக்கி வைத்தாள். ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்காகவே கடை திறந்து வைத்திருந்தவள் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"காய்ச்சலா? அரே, யாரு சொன்னா காய்ச்சல்னு? மறதி ஆத்தா, மறதி. நாப்பது வயசுல! காலைல தீப்பெட்டி வாங்கிட்டுப் போவா. செத்த நேரத்துல வந்து, அக்கா தீப்பெட்டிம்பா. கேஸத் தெறந்துவிட்டுட்டு எங்கிட்ட வந்து, 'அடுப்ப அணைச்சிட்டேனா'ன்னு கேப்பா. நான் என்ன இவ அடுப்புலயா குடியிருக்கேன்? நாங்கள்லாம் சிரிப்போம். அவளும் சேந்து சிரிப்பா, பாவம்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"மந்திரிச்சுக் கயிறு கட்டுனான். அதோட சரி. புள்ள பகல் பூரா படுத்தே கெடக்கும். உன்ன மாதிரியேதான், ஜன்னலெல்லாம் சாத்திட்டு." சொல்லிவிட்டுச் சின்னம்மாவே ஒரு கணம் நிறுத்தினாள். நாக்கு ஓடிய பிறகுதான் அவளுக்குப் புத்தி ஓடும். "கடைசில ஒரு நாள் உச்சி வெயில்ல பையத் தூக்கிட்டு, ஊருக்குக் கப்பல் ஏறப் போறேன்னு கெளம்பிட்டா. துறைமுக ஜெட்டில நின்னவங்க பாத்தாங்களாம். ஏணில ஏறுற மாதிரி சேலைய லேசாத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, காலை எடுத்து வெச்சாளாம்."

"ம்..."

"அங்க கப்பல் இல்ல, ஆத்தா."

அன்று மாலை ஈஸ்வரனிடம் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. அதுதான் அவன் சாமர்த்தியம். தலையைக் குனிந்துகொண்டு, "நெசத்தச் சொன்னா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான், சொல்லு" என்றான். குரல் உடைந்தது. "அந்தச் சின்னம்மா வாயில விழுந்தா பொழைக்க முடியுமா? பேசாம இரு." பாதி நம்பினாள். முப்பத்தைந்து வயதுவரை காத்திருந்து கட்டிக்கொண்டவளுக்கு, புருஷனை மொத்தமாக நம்பாமல் இருப்பது அவ்வளவு லேசில்லை.

ஆனால் மறுநாள் வேனுக்கு ஒரு பெரிய குடும்பம் சவாரி வந்தது. பெல்ட்டை அந்த ஆராய்ச்சிக் கூட்டத்தின் கேம்ப் ரூமில் கொடுத்துக் காட்டிவிட்டு வாங்கி வரவேண்டிய நாளும் அதுவே. எப்போதும் தானே போகிறவன், கைக்கு வந்த சவாரியை விட மனமில்லாமல், "குடுத்துட்டு வாங்கிட்டு வா. யாரு கேட்டாலும் அவருக்கு உடம்பு அசதின்னு மட்டும் சொல்லு" என்று ரூபாவை அனுப்பினான். ஆசைதான் எத்தனை கெட்டிக்காரனையும் கவிழ்க்கும் என்பார்கள். இங்கே ஆறு பேர் கொண்ட ஒரு சவாரி கவிழ்த்தது.

கேம்ப் ரூம் ஜங்லிகாட்டில், ஒரு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மாடியில் இருந்தது. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு படுக்கை, ஒரு கம்ப்யூட்டர், ஜஸ்னா. பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேக் தாவூதின் மகள். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறைய வேலை.

"ஈஸ்வரன் அண்ணன் வீட்டு அக்காவா? நல்ல வேளை வந்தீங்க. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே இருந்தேன்." திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரே அளவு இடைவெளி விட்டு அடித்த ஆணிகள் போல வரிசையாகக் கோடுகள். "இதப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"ஒழுங்கா இருக்கே."

"அதான் பிரச்சினையே!" ஜஸ்னா கீழே தெருவைக் காட்டினாள். "நல்ல நெஞ்சு நம்ம ஜங்லிகாட் ட்ராஃபிக் மாதிரி இருக்கணும் அக்கா. ஒதுங்கும், தயங்கும், பாயும். மூச்ச இழுத்தா கொஞ்சம் வேகம், விட்டா கொஞ்சம் மெதுவு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல உள்ள அந்த இடைவெளி மாறிட்டே இருக்கணும். மூளையில இருந்து நெஞ்சுக்கு ஒரு நரம்பு ஓடுது. அது வழியா ரெண்டும் ஓயாமப் பேசிக்கும். அந்தப் பேச்சு கொறைஞ்சாதான் இப்படிக் கடிகாரம் மாதிரி அடிக்கும். இத மட்டும் வெச்சு நோய்னு சொல்லிற முடியாது. ஆனா இவ்வளவு சீரா இருந்தா, மறதி வருதா, மனசு சோருதான்னு தலை டாக்டர்கிட்ட காட்டிரணும்."

ரூபா திரைக்குக் கிட்டே குனிந்தாள். "இது... இப்பத்தான் இப்படியா?"

"அதான் அக்கா அதிசயம். போன வருஷமும் இதேதான். பதறிப் போயி போன் பண்ணோம். தலை டாக்டர்கிட்ட உடனே காட்டணும், தள்ளிப் போடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோம். அண்ணனும் அன்னிக்கே ஓடி வந்தாங்க. படுக்க வெச்சுப் பாத்தா, மாஷா அல்லா, நெஞ்சு சூப்பரா ஆடுது. ஞாபகத்துக்குப் பரீட்சை வெச்சோம், அதும் பாஸ். பெல்ட்டுதான் கெட்டுப்போச்சுன்னு மாத்திக் குடுத்தோம். புதுசும் இதையே சொல்லுச்சு. அப்புறம் வீட்டுல ஒரு மௌத்து, யாரோ எறந்துட்டாங்கன்னு அண்ணன் நிறுத்திட்டாங்க. இப்ப மறுபடி தொடங்குனா, அச்சு அசல் அதே. பழைய ரெக்கார்டத் தப்பா அனுப்பிட்டியான்னு டாக்டர் என்னைத் திட்டுறாரு."

கீழே ஒரு ஸ்கூட்டர் உறுமி அடங்கியது.

அது யாருடைய நெஞ்சு என்று தெரிந்த ஒரே ஆள் ஈஸ்வரன். தலை டாக்டரிடம் காட்டு என்று போன் வந்ததும், வீட்டில் கட்டிலில் கிடந்த சுதாவை எழுப்பாமல், தானே தலை வாரிக்கொண்டு வந்து படுத்து, பாஸ் பண்ணிவிட்டுப் போயிருக்கிறான்.

"ஜஸ்னா, இதை எனக்கு ஒருக்கா கட்டிப் பாரேன். சும்மா."

ஜஸ்னா கட்டினாள். திரையில் கோடுகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன, நெருங்கின, விலகின. "உங்களது சந்தைக் கூட்டம்!" என்று அவள் சிரித்தாள். "பெல்ட்டும் நல்லாத்தான இருக்கு? அப்ப அண்ணனுக்குத்தான்..."

அப்படியானால் மத்தியானங்களில் அந்தக் கட்டிலில் இந்தப் பெல்ட்டுக்குள் இருப்பது யார்?

ஆட்டோவில் திரும்பும்போது ரூபாவுக்குப் பயத்தைவிட வேறொன்று முன்னால் வந்து நின்றது. கடல் தாண்டி வந்து, கப்பலில் வாந்தியெடுத்து, அம்மாவை அழவைத்து அவள் வந்து சேர்ந்த காரணம். பெண்டாட்டி வேண்டும் என்று அவன் கட்டவில்லை. கட்டிக்கொள்ள ஒரு நெஞ்சு வேண்டும் என்று கட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஜன்னல்களைச் சாத்தினாள். கறுப்புத் துணியை இழுத்துவிட்டாள். பெல்ட்டை நனைத்துக் கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் இடம் விட்டுப் படுத்தாள்.

கோழிச் சத்தம் தேய்ந்தது. கேஸ் வாசம் மெல்லிய நூலாக வந்தது.

மெத்தை தாழ்ந்தது.

டப். டப். டப்.

"அடுப்ப அணைச்சிட்டேனா?"

காதுக்கு அருகில் இல்லை. தலையணைக்கு உள்ளிருந்து வந்தது போல இருந்தது. தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சத்தோடு கேட்கும் ஒரு பெண்ணின் குரல். ரூபா குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. இருந்தும் பதில் சொன்னாள்.

"அணைச்சிட்டீங்க அக்கா."

"ம்." துடிப்பு. துடிப்பு. "நீ யாரும்மா? புதுசா வந்திருக்கியா?"

"ஆமாக்கா."

"அவரு வந்தா சொல்லு, நான் எந்திரிக்கவே இல்லன்னு. எந்திரிச்சா மெஷின்ல தப்பாக் காட்டுமாம். அவரு வேலை போயிருமாம்."

ரூபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்கு மறதியா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. அவரு டாக்டரப் போயிப் பாத்துட்டு வந்தாரு. உனக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு சுதான்னு சொன்னாரு. பூ வாங்கிட்டு வந்தாரு அன்னிக்கு." குரலில் சின்னதாக ஒரு சந்தோஷம். பிறகு அது எங்கோ வழுக்கி விழுந்தது.

"அடுப்ப அணைச்சிட்டேனா?"

செத்தவள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதையும் மறந்திருந்தாள். படுத்துக்கொள் என்று புருஷன் சொன்னது ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது. செருப்பைக் கழற்றும் சத்தம். அறைக்கதவு திறந்து வெளிச்சம் கத்தியாக உள்ளே விழுந்தது.

"பெல்ட்ட வாங்கிட்டியா? ஏதாச்சும் கேட்டாங்களா?"

ரூபா எழவில்லை. "உனக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாருன்னு அக்காகிட்ட சொன்னீங்களாம். பூவெல்லாம் வாங்கிட்டு வந்தீங்களாம்."

ஈஸ்வரன் சாவியைக் கீழே போட்டான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"ஏன், பொய்யா?"

"நானும் அவளும் மட்டுந்தான் இருந்தோம் அன்னிக்கு." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"அவங்கதான் சொன்னாங்க. இந்தா, பக்கத்துலதான் படுத்திருக்காங்க. காத வெச்சுக் கேளுங்க."

திட்டுவான், அடிப்பான், ஓடுவான் என்று நினைத்தாள். அவன் குனிந்தான். கட்டிலின் தலைப்பலகையில் காதை வைத்தான். அவன் முகத்தில் இருந்த நிறமெல்லாம் பதாக் மரத்துக்குள் இறங்கிவிட்டது போல இருந்தது. ஒரு சொல். மன்னித்துவிடு என்று ஒரே ஒரு சொல் வரும் என்று ரூபா காத்திருந்தாள். அதைச் சொல்லியிருந்தால்கூட, அவள் எப்படிப்பட்டவள் என்றால், இவனோடு இருந்து தொலைத்திருப்பாள்.

ஈஸ்வரன் மரத்தோடு வாயை வைத்து, பழகிய, பதமான குரலில் சொன்னான்.

"படுத்துக்க சுதா. எந்திரிக்காத. இன்னும் கொஞ்ச நாள்தான்."

டப். டப். டப். கீழ்ப்படிந்த துடிப்பு.

ரூபா எழுந்தாள். பெல்ட்டைக் கழற்றி, முந்தானைக்குள் பொதிந்துகொண்டாள்.

"அக்கா, எந்திரிங்க. போகலாம்," என்றாள் வெறும் மெத்தையைப் பார்த்து.

"ரூபா! ஏய், அதக் குடு! என் கிரேன் போயிரும்டீ!"

தெருவில் வைத்து அவள் கையைப் பிடித்து இழுக்க வந்தவன், சின்னம்மா கடை வாசலில் நின்ற ஏழெட்டுப் பெண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான். சின்னம்மா ஆயுளில் முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் ஓர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக் கொடுத்தாள். (அந்த அறைக்குள் அதன் பிறகு ஈஸ்வரன் போகவில்லை, வேனிலேயே முடங்கிக் கிடக்கிறான், வேனிலும் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை என்பது அதற்குப் பிந்திய தெருச் செய்தி. நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு.)

கேம்ப் ரூமைப் பூட்டும் நேரத்தில் வந்து நின்றவளைப் பார்த்து ஜஸ்னா திகைத்தாள். ரூபா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெல்ட்டைத் தான் கட்டியதை, தனக்கு முன் சுதா கட்டியதை, போன் வந்த அன்று ஈஸ்வரன் ஓடிவந்து படுத்ததை. கட்டிலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஜஸ்னா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லா... பெல்ட்ட மாத்துனோமே தவிர, ஆளு யாருன்னு நாங்க பாக்கலியே அக்கா. அந்த அக்காவ ஒரு நாள் கூட்டிட்டு வந்திருந்தா..." அழுதபடியே ஈஸ்வரன் பெயருக்கு நேரே இருந்ததை எல்லாம் ரத்து செய்தாள். "நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிர்றேன். தலைக்கு என்னமோன்னு நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. சே, கல்லு இல்ல. சந்தை மாதிரி இருக்கு."

இருவரும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்கள். ரூபா முந்தானையில் இருந்து பெல்ட்டை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

கம்ப்யூட்டர் ஒரு தடவை சிணுங்கியது.

திரையில் ஒரு கோடு எழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரே அளவு இடைவெளியில், அடித்த ஆணிகள் போல.

ஜஸ்னா பெல்ட்டைப் பார்த்தாள். யாரும் கட்டாமல், பெஞ்சில், ஒரு செத்த பாம்பைப் போலக் கிடந்தது. அவள் கை பெல்ட்டை நோக்கிப் போனது, பாதி வழியில் திரும்பி வந்தது.

"அக்கா..."

"தொடாத. இருக்கட்டும்."

"யாரு அக்கா இது?"

ரூபா திரையைப் பார்த்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் துடிப்பு இத்தனை நாளும் வேறொருவன் பெயரில் அல்லவா ஓடிக்கொண்டிருந்தது. "இதுக்கு மேல பேரு போடுற எடம் இருக்குல்ல? அதுல சுதான்னு போடு."

ஜஸ்னா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ஒர்க்‌ஷாப்பில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. மாடியில் விசையைத் தட்டும் ஒலி மட்டும்.

பெயர் திரையில் ஏறியது.

அடுத்த கோடு வரவில்லை.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். பிறகு அது வந்தது, கொஞ்சம் தாமதமாக. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை ஒருத்தி விட்டதுபோல. அதற்கடுத்தது கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது. அடுத்தது தயங்கியது. கோடுகள் தங்களுக்குள் நெருங்கின, விலகின.

பெயரைப் போட்டதும் அடுத்த கட்டம் திறந்துகொண்டது. ஜஸ்னாவின் கண் திரையைவிட்டு நகரவில்லை. எத்தனையோ பேரிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அவளையறியாமல் கேட்டது.

"வயசு?"

ரூபாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"நாப்பத்தொண்ணு," என்றது பெஞ்சின் பக்கமிருந்து ஒரு குரல், கொஞ்சமும் தடுமாறாமல். "போன மாசியோட."